எத்தனை விசில்? குக்கரும் மற்றவையும்: கேள்வி பதில்

3 லிட்டர் குக்கர்ல துவரம்பருப்புக்கு எத்தனை விசில் சார்?

விசிலை எண்ணாதீங்க, நிமிஷத்தைப் பாருங்க. மூடிமேல் உட்காரும் குண்டு (வெயிட்) எழும்பி ஆவியை வெளியே விடுற சத்தம்தான் விசில். உள்ளே அழுத்தம் வெளியைவிட ஒரு வளிமண்டலம் (கடல்மட்டத்துக் காற்றழுத்தம் அளவு) கூடினால் தண்ணீர் 120 டிகிரி வரை போகும். பருப்பைச் சீக்கிரம் குழைப்பது அந்தக் கூடுதல் 20 டிகிரிதான்.

பருப்பு ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, நுரை அடங்க அரை ஸ்பூன் எண்ணெய். பாதிக்கு மேல் நிரப்பாதீங்க. முதலில் குண்டு போடாமல் மூடி, குண்டு உட்காரும் குழாயில் ஆவி விடாமல் சீறும்வரை பொறுங்க. உள்ளே காற்று மிச்சமிருந்தால் அழுத்தத்தில் அதுவும் பங்கு கேட்கும், சூடு 120-ஐத் தொடாது. பிறகு குண்டு. முதல் விசிலோடு தீயைச் சிம்மில் வைத்து 8 முதல் 10 நிமிஷம். அணைத்ததும் அழுத்தம் தானாக இறங்கட்டும்.

மூடும் முன் குண்டு உட்காரும் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா பாருங்க.

ஊட்டியில எங்களுக்கு மட்டும் ஏன் வேகவே மாட்டேங்குது?

2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குண்டு கூட்டுவது அதே ஒரு வளிமண்டலம்தான், ஆனால் வெளி அழுத்தமே அங்கே குறைவு. அதனால் குக்கருக்குள் 116 டிகிரி அளவில் நின்றுவிடும். கால் பங்கு நேரம் கூட்டுங்க.

கொண்டைக்கடலைக்கு எத்தனை விசில்?

முதல் பதில். இரவே ஊறப்போட்டால் சிம்மில் 15 நிமிஷம். குழாயைப் பாருங்க.

நிமிஷக் கணக்கெல்லாம் எதுக்கு? எங்க வீட்ல 4 விசில், ஒருநாளும் தப்பினதில்லை.

அதே அடுப்பு, அதே குக்கர், அதே அளவு, அதே தீ. அப்படியிருந்தால் தப்பாது. மருமகள் வீட்டுப் பெரிய பர்னரில் வைத்துப் பாருங்க.

ஒத்துக்க முடியாது. தீயைக் கூட்டினா ஆவி கூடும், அழுத்தம் கூடும், சீக்கிரம் வேகும். பள்ளிக்கூடப் பாடம்தானே?

மூடி இறுகி அடைத்திருந்தால் சரி. இங்கே குண்டு இருக்கே. குழாயின் துளை 3 மில்லிமீட்டர் என்று வைப்போம், பரப்பு 7 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் 72 கிராம் உட்கார்ந்தால் சரியாக ஒரு வளிமண்டலம். அதைத் தாண்டினால் குண்டு எழும்பிவிடும். தீயைக் கூட்டினால் விசில்தான் அடிக்கடி வரும். ஒவ்வொரு கிராம் ஆவியும் சுமார் 2,200 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு சமையலறைச் சுவரை நனைக்கும்.

விசில் வந்ததும் அழுத்தம் இறங்குதே, அப்போ பெரிய தீதானே அதைச் சீக்கிரம் ஏத்தும்?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. குண்டு திரும்ப உட்காரும்வரை அழுத்தம் கொஞ்சம் இறங்கும், உண்மை. ஆனால் உள்ளே இருக்கிற தண்ணீரும் பருப்பும் அந்தச் சில நொடியில் ஆறிவிடாது. விசிலுக்குச் சற்று முந்தின நிலையிலேயே நிறுத்தி வைக்கிற தீதான் சிக்கனம்.

அவசரத்துக்குக் குண்டைக் கரண்டியால தூக்கலாமா?

கூடாது. 120 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், அழுத்தம் திடீரென விலகினால், 100-க்கு இறங்குவதற்குள் சுமார் 37 கிராம் ஆவியாகும். 60 லிட்டர் ஆவி அது! பருப்பு நுரையையும் இழுத்துக்கொண்டு அத்தனையும் அந்தச் சின்னத் துளை வழியே வரும். துளை அடைத்தால் அடுத்தது சேஃப்டி வால்வுதான். குழாயைப் பாருங்கன்னு இதுக்குத்தான் சொல்றேன்.

ராஜ்மாவுக்கு எத்தனை...

முதல் பதில்.

அலுமினியக் குக்கர் இண்டக்ஷன்ல சூடாகலையே?

அடியில் காந்தம் ஒட்டுதா பாருங்க. இண்டக்ஷன் அடுப்பு பாத்திரத்தின் அடியில் தூண்டும் மின்னோட்டம், இரும்பில் மேல்தோலில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் நெருக்கியடித்து ஓடும், தடையும் அதிகம், அதனால் சூடு. அலுமினியத்தில் இன்னும் ஆழமாகப் பரவும், தடை குறைவு. அடியில் இரும்புத் தகடு பதித்த 'இண்டக்ஷன் பேஸ்' குக்கர் வாங்குங்க.

மண்பானைத் தண்ணி சென்னையில ஏன் சில்லுனு ஆகலை?

கடல் ஈரம். பானை கசிந்து காய்ந்தால்தான் குளிரும். பெயின்ட் அடித்த பானை என்றால் மதுரையிலும் குளிராது.

ஃபேன் மெதுவா சுத்துது.

பெரும்பாலும் கெபாசிட்டர், 2.5 மைக்ரோஃபாரட். ரெகுலேட்டரை மட்டும் நிறுத்தினால் போதாது, மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.