14ஆம் பிளாட்ஃபாரம்

ஐயா, வணக்கம்.

23 வருஷம் கழித்து மும்பைக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பத்மினி டாக்ஸி இல்லை, பழைய மாடி பஸ் இல்லை, மில் இருந்த இடத்தில் மால் என்று ஒரே ஒப்பாரி. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். மே மாத வெயிலில் அந்த டாக்ஸிக்குள் உட்கார்ந்தவர் யாரும் அதற்காக அழமாட்டார்கள். விட்டுப்போனவர்களுக்காக ஊர் அப்படியே நிற்க வேண்டுமா?

ஆர்., முலுண்ட்

*

அன்புள்ள ஆர்.,

ஒப்பாரிதான், ஒத்துக்கொள்கிறேன். கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவானது. அங்கே டாக்ஸிக்கு 20 வருஷம்தான் ஆயுள். 2023இல் கணக்கு தீர்ந்தது. டீசல் மாடி பஸ்ஸும் அதே வருஷம் போய்விட்டது. புதிதாக வந்திருக்கும் ஏசி மாடி பஸ்ஸில் மேலே முன் சீட்டைப் பிடிக்க நானும் ஓடினேன். அதை எழுதாமல் மறைத்தது தப்புதான்.

மில் விஷயத்தில் மட்டும் இறங்கிவர மாட்டேன். 1982 ஜனவரியில் மில் தொழிலாளர்கள் தொடங்கிய அந்த ஸ்ட்ரைக்கை யாரும் முறைப்படி வாபஸ் வாங்கவே இல்லை. 1990இல் நான் போய் இறங்கியபோது, எங்கள் சாளில் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள குடியிருப்பு) "ஸ்ட்ரைக் முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இருந்தார். அவரை நினைவில் வைத்துக்கொண்டு என்னால் மால்களைப் பார்த்து மகிழ முடியாது.

நிற்க. வெட்கப்பட்டு நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. உங்கள் கேள்விக்கு அதுதான் சரியான பதில்.

தாதர் ஸ்டேஷன் பாலத்தில், திருநெல்வேலிப் பக்கத்து வயதான தம்பதி, கையில் மூட்டைகளோடு, நான் தமிழில் போன் பேசுவதைக் கேட்டு நின்றார்கள். "தம்பி, 14ஆம் பிளாட்பாரம் எங்க இருக்கு?" எனக்குப் பழைய கெத்து வந்துவிட்டது. தாதரில் வெஸ்டர்ன், சென்ட்ரல் என்று இரண்டு ரயில் லைன். அந்தக் காலத்தில் வெஸ்டர்னுக்கு ஒரு 1ஆம் பிளாட்பாரம், சென்ட்ரலுக்கு ஒரு 1. புதிதாக வருபவரிடம் "எந்த லைன்?" என்று கேட்டு வழி சொல்வதே ஒரு பெருமை. "14 கிடையாதுங்க, 4ஆ இருக்கும்" என்று சொல்லி, ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டு, வெஸ்டர்ன் 4இல் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்தான் சொன்னாள்: 2023 டிசம்பரில் எண்ணை எல்லாம் மாற்றிவிட்டார்களாம். வெஸ்டர்னுக்கு 1 முதல் 7, சென்ட்ரலுக்கு 8 முதல் 14. நான் எத்தனையோ ராத்திரி ஊருக்கு ரயிலேற நின்ற பழைய 8தான் இப்போது 14. எவ்வளவு நல்ல ஏற்பாடு! நாங்கள் இருந்தபோதே செய்திருக்கலாம்.

அப்புறம் என்ன, மூட்டையோடு திரும்பப் பாலம் ஏறினோம். வண்டி இன்னும் வரவில்லை, தப்பித்தேன். மூச்சு வாங்க நின்ற அந்த அம்மா, குத்தலே இல்லாமல்தான் கேட்டார்: "நீங்களும் ஊருக்குப் புதுசா தம்பி?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.