ஹார்மோன் சிகிச்சை எடுக்கும்போது வாயைச் சுற்றிச் சிவந்து பொரிகிறது. மருந்தை நிறுத்திவிடலாமா?

உங்களுக்கு ஐம்பதை ஒட்டிய வயது, மாதவிடாய் நின்றுவிட்டது, ஹார்மோன் எடுக்கிறீர்கள், வீட்டில் எல்லோரும் "அந்த மருந்தை முதல்ல நிறுத்து" என்கிறார்கள். சரிதானே? போன வருஷம் நானும் அங்கேதான் நின்றேன். நான் டாக்டர் இல்லை. வேலூர் சத்துவாச்சாரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். அதனால் படித்தவர்கள் யாரும் கீழே வந்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், எனக்கு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

கேள்விக்குப் பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் நிறுத்திப் பார்த்தவள்.

வேலூரில் ஒரு பொம்பளை "உடம்பு திகுதிகுன்னு எரியுது" என்றால் எவர் நம்புவார்? "இந்த ஊர்ல யாருக்குத்தான் எரியல" என்று விசிறியைக் கையில் கொடுப்பார்கள். எனக்கு மார்கழியில் எரிந்தது. விடிகாலை மூன்று மணிக்கு நைட்டி முழுக்க நனைந்து மொட்டைமாடியில் போய் நிற்பேன். வீட்டுக்காரர் கீழே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவார். ஒன்றரை வருஷம் வெயில்மேலேயே பழியைப் போட்டு ஓட்டினேன். மகள்தான் மகளிர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மேமோகிராம், ஸ்கேன், பிரஷர் எல்லாம் பார்த்தபிறகு தொடையில் தடவ ஈஸ்ட்ரோஜன் ஜெல், ராத்திரிக்குப் புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல். கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப் போகுமாம், அதற்குத்தான் இரண்டாவது. இரண்டே மாதத்தில் ராத்திரி முழுசாகத் தூங்கினேன்.

மூன்றாவது மாதம் வாய் ஆரம்பித்தது. கடையில் அளவு பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதே, அதில் நன்றாகவே தெரிந்தது. உதட்டை ஒட்டி நூல் அகலத்துக்கு ஒரு வெளுத்த கோடு, அங்கே ஒன்றுமில்லை. அதற்கு வெளியே மூக்கோரத்திலிருந்து தாடை வரை கடுகு கடுகாகச் சிவப்பு. பைப்பிங் வைத்துத் தைத்த கழுத்து மாதிரி அவ்வளவு சுத்தமான கோடு. அரிப்பு கொஞ்சம்தான், எரிச்சல்தான் அதிகம். "இன்னாக்கா இது, வாயெல்லாம்?" என்று கேட்காத கஸ்டமர் இல்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மாமியார் அக்கி என்றார், காவி குழைத்து எழுதச் சொன்னார். வேலை செய்யும்போது குண்டூசியை உதட்டில் கவ்வுவது என் பழக்கம், அதுதான் என்றாள் ஒரு கஸ்டமர். நாத்தனார் "கத்திரிக்காய் கிரந்தி அண்ணி, தொடாதீங்க" என்றாள். தொடவில்லை, மூன்று மாதம். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, மார்க்கெட்டில் எதை எடுத்தாலும் "முள்ளுக் கத்திரிக்கா தான்மா" என்கிறார்கள். காம்பில் முள் எங்கேப்பா என்றால் "வர்ற வழியில உதிர்ந்துடுச்சி" என்கிறான். மூன்று மாதம் நாக்கைக் கட்டிவிட்டு ஆசையாக வாங்கிய அரைக் கிலோவில் ஒன்றுகூட நிஜம் இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தெருமுனை மருந்துக்கடையில் ஒரு பையன் டியூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். "ரெண்டு நாள்ல போயிடும்க்கா." போய்விட்டது, சத்தியமாக இரண்டே நாளில். விட்டால் நாலாம் நாள் முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடி தடவினேன், அடங்கியது. இப்படியே மூன்று டியூப். கிரீம்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை, அதுதானே காப்பாற்றுகிறது! பழி முழுக்க ஹார்மோன்மேல். போதாததற்கு ஒரு சொந்தக்காரர் "அது கேன்சரை வரவைக்கிற மருந்தாச்சே" என்றார். டாக்டரிடம் கேட்காமல் ஜெல்லையும் கேப்ஸ்யூலையும் நிறுத்தினேன். ஐந்து வாரம். எரிச்சல், வியர்வை, மொட்டைமாடி எல்லாம் திரும்பி வந்தன. வாய் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் தோல் டாக்டர். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் "என்ன தடவுறீங்க, எடுங்க" என்றார். டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார்: க்ளோபெட்டசால். ஸ்டீராய்டிலேயே மிக வீரியமான வகையாம், முகத்துக்கு ஆகவே ஆகாதாம். 2018-லேயே இந்த மாதிரிக் கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டதாம். எனக்குச் சீட்டும் இல்லை, பில்லும் இல்லை.

எனக்கு வந்தது பெரியோரல் டெர்மடைடிஸ், அதாவது வாயைச் சுற்றி வரும் தோல் அழற்சி. உதட்டோரக் கோட்டை விட்டுவிட்டு வருவதுதான் அதன் அடையாளமாம். அப்படியானால் ஹார்மோனுக்குச் சம்பந்தமே இல்லையா என்று கேட்டேன். "ஹார்மோன் மாறுறப்ப இது கிளம்பலாம். ஆனா இவ்வளவு தூரம் வளர்த்தது இந்த டியூப்" என்றார். தோல் வறண்டு போகிறதே என்று நான் ராத்திரியில் அப்பிக்கொண்ட கெட்டிக் கிரீமுக்கும் பங்கு உண்டாம்.

வைத்தியம் என்ன தெரியுமா? எதையும் போடாமல் இருப்பது. சோப்பு, மஞ்சள், பவுடர், கிரீம் ஒன்றும் கூடாது, வெறும் தண்ணீர். ஃப்ளூரைடு இல்லாத பேஸ்ட். தடவ மெட்ரோனிடசோல் ஜெல், சாப்பிட டாக்சிசைக்ளின். முதல் இரண்டு வாரம் இன்னும் மோசமாகும், பயந்துபோய்ப் பழைய டியூபைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்னபடியே வாய் தக்காளியாகச் சிவந்தது. துப்பட்டாவால் மூடிக்கொண்டுதான் கடையில் உட்கார்ந்தேன். அந்த மாத்திரையைச் சாப்பிட்டு வெயிலில் போகாதீர்கள் என்று வேறு சொன்னார், வேலூரில்! எட்டு வாரத்தில் தோல் சமனாகிவிட்டது.

மகளிர் டாக்டரிடம் போய் நன்றாகத் திட்டு வாங்கினேன். கேன்சர் பயத்தையும் அவரிடமே கேட்டேன். அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு நன்மைதான் அதிகம், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கதை வேறு என்றார். பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பித்தேன். வாய் திரும்பப் பொரியவில்லை. உங்களுக்கும் அப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு மருந்தின் வகையை மாற்ற வேண்டி வரலாம், ஆனால் அதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

மூன்றாவது டியூபில் பாதி மிச்சம் இருந்தது. சேற்றுப்புண்ணுக்கு ஆகுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். பிதுக்கிக் குப்பையில் போட்டேன்.

கேள்வியில் நீங்கள் என்ன கிரீம் தடவுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே. டியூபைத் திருப்பிப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.