கேள்வி நேரம்: குண்டு விழும் ஊருக்கு நிவாரணம் போவது எப்படி?

கேள்வி: போர் நடக்கும் நகரத்தின் எல்லையில் நிவாரண லாரிகள் நாள்கணக்கில் நிற்கின்றன. இரு தரப்பும் சம்மதித்த பிறகும் ஏன் உள்ளே போக முடிவதில்லை? (வாசகி, கும்பகோணம்)

பதில்: லாரி மேலேயே குண்டு விழ வேண்டும் என்பதில்லை. 155 மி.மீ. பீரங்கிக் குண்டு ஒன்றின் எடை சுமார் 43 கிலோ. நடுச்சாலையில் விழுந்தால் பள்ளம். ஓரத்து மாடி வீட்டில் விழுந்தால் சாலை முழுக்கக் கம்பி நீட்டிய கான்கிரீட். 20 டன் ஏற்றிய லாரிக்கு இரண்டுமே முட்டுச்சந்துதான். பாலம் போனால் இன்னும் மோசம். 2016-17இல் இராக்கின் மோசுல் நகரச் சண்டையில் டைகிரிஸ் ஆற்றின் ஐந்து பாலங்களும் அடிபட்டன. கிழக்கே இறங்கிய மூட்டை பாலம் வழியாக மேற்குக் கரைக்குப் போக முடியவில்லை.

புல்டோசரை விட்டுத் தள்ளலாமே என்பீர்கள். இடிபாட்டுக்குள் வெடிக்காத குண்டு கிடக்கும், அதனால் வெடிகுண்டு நிபுணர்கள்தான் முதலில் இறங்க வேண்டும். மெட்டல் டிடெக்டரும் கைகொடுக்காது: கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் அது கத்தும். ஆகவே கண்ணால் பார்த்து, அடுக்கடுக்காக எடுக்கிறார்கள்.

அனுமதி என்பதும் ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. வண்டி எண், டிரைவர் பெயர், பாதை, நேரம், ஜிபிஎஸ் புள்ளி எல்லாம் ராணுவத் தலைமையகத்துக்குப் போகும். அங்கிருந்து முன்னணியில் பீரங்கியை இயக்குபவர் வரை வந்து சேர வேண்டும். அங்கேதான் அறுகிறது. 2022 மார்ச்சில் உக்ரைனின் மரியுபோல் நகரில், வெளியேறுவதற்கெனக் காட்டப்பட்ட சாலையிலேயே கண்ணிவெடி இருப்பதைச் செஞ்சிலுவைக் குழுவினர் புறப்படும்போதுதான் கண்டார்கள். சோதனைச் சாவடியில் சில மணி நேரம் கரைந்தாலும் அன்றைய பயணம் ரத்து. பள்ளமும் குண்டும் கண்ணுக்குத் தெரியாத இருட்டில் ஓட்டச் சொல்ல முடியாது.

கேள்வி: தண்ணீரையாவது டேங்கரில் அனுப்பலாமே? (வாசகர், சேலம்)

பதில்: கணக்குப் போடுங்கள். நெருக்கடியில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது நிவாரணத் துறையின் அளவுகோல். ஒரு லட்சம் பேருக்கு 15 லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் டேங்கரில் தினமும் 150 நடை. மரியுபோலில் போருக்கு முன் 4 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். முற்றுகையில் சிக்கியவர்கள் பனியை உருக்கிக் குடித்தார்கள். குழாய்த் தண்ணீர் நிற்கப் பம்ப் அறையில் குண்டு விழ வேண்டியதுகூட இல்லை, மின்கம்பி அறுந்தால் போதும். பம்ப் நின்றால் குழாயில் அழுத்தம் குறையும், விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே வரும். கம்பியை ஒட்டியதும் குடிக்க முடியாது: குழாயைக் கழுவி, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சும் வரை கலக்க வேண்டும். கம்பியை ஒட்டப் போகும் லைன்மேனுக்கும் அதே அனுமதி, அதே சாலை.

கேள்வி: விமானத்திலிருந்து போட்டால்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 2024 மார்ச் 2 அன்று காசாவில் அமெரிக்கா மூன்று சி-130 சரக்கு விமானங்களில் 38,000 சாப்பாடு போட்டது. மூன்று வேளை என்றால் 13,000 பேருக்குக்கூட ஒரு நாள் வராது. ஆளுக்கு 400 கிராம் வீதம், 20 டன் மாவு ஏற்றிய ஒரே லாரி 50,000 பேருக்கு ஒரு நாள் கணக்கு. நெருக்கமான ஊரில் போடக் காலி இடமும் கிடையாது. அதே மாதம் பாராசூட் சரியாக விரியாமல் விழுந்த பெட்டியால் மக்கள் இறந்ததாகச் செய்தி வந்தது.

கேள்வி: இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? (வாசகி, மதுரை)

பதில்: 2022 நவம்பர் 18 அன்று டப்ளினில் 80-க்கும் மேற்பட்ட நாடுகள் ஓர் அரசியல் உறுதிமொழியை ஏற்றன: மக்கள் நெருக்கமான இடங்களில் வெடிகுண்டுப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது, நிவாரணம் தடையின்றிப் போக உதவுவது. இந்த உறுதிமொழி சட்டம் அல்ல, இதை மீறினால் வழக்கும் இல்லை. அமெரிக்கா சேர்ந்தது, ரஷ்யாவும் இஸ்ரேலும் சேரவில்லை.