பழைய ஓட்டு வீட்டோட கான்க்ரீட் ரூம் சேர்க்கலாமா?

உடுமலைப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கரிசக்காட்டுத் தோட்டத்துல தாத்தா கட்டின ஓட்டு வீடு, ஒன்றரை அடி செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. பின்சுவத்தை ஒட்டி ரெண்டு பெட்ரூமும் அட்டாச்டு பாத்ரூமும் எடுக்கணும், பழைய சுவர் மேலயே ஸ்லாப்பை உக்கார வெச்சா ஒரு சுவர் செலவு மிச்சம்னு மேஸ்திரி சொல்றாராம், சரியான்னு.

வேண்டாம் தம்பி. அந்த சுவர் இத்தனை வருஷத்துல இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடிச்சிருச்சு, புதுக் கட்டடம் இனிமேதான் இறங்க ஆரம்பிக்கும், ரெண்டையும் சேர்த்துக் கட்டினா சேர்ற இடத்துலதான் முதல்ல வெடிக்கும். அதுலயும் கரிசல் மண்ணு மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், மேல ஸ்லாப் வேற வெயில்ல நீண்டு பழைய சுவரைத் தள்ளும்.

நான்னா ஒரு அஞ்சு அடி தள்ளி, தனி பில்லர் போட்டு தனியா நிக்க வெப்பேன், நடுவுல ஒரு நடை விட்டு லேசா கூரை போட்டுக்கலாம். தள்ளிப் போறதுல இன்னொரு லாபம், பழைய கடைக்கால் (அஸ்திவாரம்) பெரும்பாலும் ஆழம் கம்மியாத்தான் இருக்கும், அதை ஒட்டி ஆழமா குழி தோண்டினா அடி மண்ணு சரிஞ்சு சுவரே உக்காந்துரும். நடைக்குப் போறதுக்கு சுவத்தை உடைக்காதீங்க, இருக்கற பின்வாசலையே வெச்சுக்கங்க.

பலரும் கோட்டை விடறது தண்ணி விஷயத்துலதான். ஓட்டுல இறங்கற மழை இப்போ பின்னாடி திறந்த வெளில விழுது, நாளைக்கு நடுவுல மாட்டிக்கும். அதனால நடைக் கூரைத் தண்ணியும் ஓட்டுத் தண்ணியும் ஒரே தகரக் கால்வாய்ல விழற மாதிரி சரிவு கொடுங்க, கால்வாய் ஒரு அடி அகலமாவது இருக்கட்டும், கைவிட்டு வேப்பிலை சருகை அள்ள முடியணும், அதோட வெயிட் புதுப் பில்லர்ல நிக்கட்டும், ஓட்டைத் தாங்கற பழைய கைமரத்துல தொங்க விடாதீங்க. பாத்ரூம் பழைய சுவத்தை விட்டுத் தள்ளி, புதுக் கட்டடத்தோட அந்தக் கோடில இருக்கட்டும், பைப்பு ஒழுகினாலும் பழைய சுவத்துக்கு ஈரம் வரக்கூடாது.

அப்புறம் புதுசோட மேட்ச் ஆகணும்னு பழைய சுவத்துக்கு சிமெண்ட் பூச்சு மட்டும் பூசிராதீங்க, மனசு கேக்காம சொல்றேன், சுண்ணாம்பு சுவர் உள்ள ஏறின ஈரத்தை வெளிய விடும், சிமெண்ட் அதை அடைச்சிரும், கொஞ்ச நாள்ல பொரிஞ்சு உதிர ஆரம்பிச்சிரும். சுண்ணாம்பே பூசுங்க.

வேலை தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு ஐப்பசி மழைல கொடையோட பின்பக்கம் நின்னு தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துக்கங்க, கடைக்கால் மார்க் பண்றப்போ அந்த வழிய விட்டுட்டு மார்க் பண்ணுங்க.