பழைய டீசல் டிரக்கில் கூடுதல் மீட்டர்கள்: கேள்வி பதில்

பழைய டீசல் டிரக்குகளில் தனியாக வாங்கிப் பொருத்தும் மீட்டர்கள் குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. கணினிக் கட்டுப்பாடு இல்லாத, அல்லது மிகக் குறைவாக உள்ள இன்ஜின்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கேள்வி: டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் இருக்கின்றன. முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது. பிறகு எதற்கு இன்னொன்று?

முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது என்பதுதான் காரணம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் அழுத்தம் ஏறி நிற்கும். நன்றாகச் சூடேறி ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலையில்) ஓடும்போது இறங்கும். இந்த இறக்கத்தைக் காட்டாத முள் எதையும் அளக்கவில்லை. 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்ட ஃபோர்டு டிரக்குகளில் ஆயில் மீட்டருக்குப் பின்னால் இருப்பது ஒரு ஸ்விட்ச்தான். குறைந்தபட்ச அழுத்தம் வந்ததும் முள் நடுவுக்குப் போய்விடும். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் அங்கேயே நிற்கும். வேறு பல வண்டிகளின் டெம்பரேச்சர் மீட்டரிலும் ஓட்டுநர் பதறக் கூடாது என்று நடுப்பகுதியை அசையாதபடி அமைத்திருப்பார்கள். அந்த முள் நகரும்போது இன்ஜின் ஏற்கெனவே கொதிநிலையை நெருங்கியிருக்கும்.

கேள்வி: இப்போதைக்கு ஒரே ஒரு மீட்டர்தான் வாங்க முடியும். எதை வாங்குவது?

உங்கள் வண்டியில் முதலில் கெடக்கூடியது எது என்று பாருங்கள். டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) வைத்த இன்ஜினில் பாரம் இழுக்கிறீர்கள், அல்லது பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால் எக்ஸாஸ்ட் வெப்பநிலையைக் காட்டும் பைரோமீட்டர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுடன் டிரெய்லர் இழுத்தால் கியர்பாக்ஸ் ஆயில் வெப்பநிலை. அது 120 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தொடங்கினால் ஆயில் வேகமாகக் கெடும். 1998-இன் நடுப்பகுதி முதல் 2002 வரையிலான கம்மின்ஸ் இன்ஜின் கொண்ட டாட்ஜ் டிரக் என்றால் யோசிக்கவே வேண்டாம், எரிபொருள் அழுத்த மீட்டர். அதிலுள்ள வி.பி.44 இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்குக் குளிர்ச்சியும் மசகும் டீசல்தான். டேங்க்கிலிருந்து டீசலை அனுப்பும் லிஃப்ட் பம்ப் தளர்ந்தாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் விலையுயர்ந்த பம்ப் செத்துக்கொண்டிருக்கும். முழுப் பாரத்திலும் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்குக் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டர்போ இல்லாத, பாரமும் ஏற்றாத வண்டிக்கு நல்ல ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்று போதும்.

கேள்வி: பைரோமீட்டர் சென்சாரை டர்போவுக்கு முன்னால் வைக்க வேண்டுமா, பின்னால் வைத்தால் போதுமா? பின்னால் என்றால் மேனிஃபோல்டைத் (சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வாயுவைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) துளைக்க வேண்டியதில்லை.

முன்னால்தான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எக்ஸாஸ்ட் வாயுவிலிருந்து சக்தியை எடுத்துத்தான் டர்போ சுழல்கிறது; அந்தச் சக்தி போனதும் வாயு குளிர்கிறது. பாரம் இழுக்கும்போது முன்னுக்கும் பின்னுக்கும் 100 முதல் 150 டிகிரி வரை, சில நேரம் அதற்கு மேலும் வித்தியாசம் வரும். ஐட்லிங்கில் அந்த வித்தியாசம் அநேகமாக இருக்காது. நிலையான வித்தியாசமாக இருந்தால் கூட்டிக் கணக்குப் போடலாம். பாரத்துக்கேற்ப மாறும் ஒன்றை எப்படிக் கூட்டுவது?

சென்சாரின் முனை வாயு ஓட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். சுவரை ஒட்டி நின்றால் குறைவாகக் காட்டும். மேனிஃபோல்டு இரண்டு அறைகளாகப் பிரிந்திருந்தால், பொருத்தும் அறையின் சிலிண்டர்களை மட்டுமே அது பார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: எத்தனை டிகிரி வந்தால் ஆபத்து?

அலுமினிய பிஸ்டன் உள்ள இன்ஜினில், டர்போவுக்கு முன்னால் அளந்தால், தொடர்ந்து ஓட்டுவதற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் மேல் எல்லை சுமார் 675 டிகிரி செல்சியஸ். அலுமினியமே 660 டிகிரியில் உருகும். பிஸ்டனின் உலோகக் கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். அப்படியானால் பிஸ்டன் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? உச்சச் சூடு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரமே அதைத் தொடுகிறது. ஆயிலும் சிலிண்டர் சுவரும் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே ஒரு முந்திச்செல்லலில் சில நொடிகள் 700-ஐத் தொடுவதும், நீண்ட ஏற்றத்தில் பத்து நிமிடம் அங்கேயே நிற்பதும் ஒன்றல்ல.

டீசல் இன்ஜினில் எரிபொருள் கூடினால் சூடு கூடும். காற்று கூடினால் சூடு குறையும். முள் ஏறினால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி ஒரு கியர் குறையுங்கள். சுழற்சி கூடும், காற்று கூடும், ரேடியேட்டர் தண்ணீரும் வேகமாகச் சுற்றும். பாரம் இழுத்து நிறுத்திய பிறகு, முள் 150 டிகிரி அளவுக்கு இறங்கும்வரை ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். இல்லையென்றால் டர்போ பேரிங்கில் தேங்கும் ஆயில் கருகிப் படியும்.

கேள்வி: டர்போவைக் கழற்றாமல் மேனிஃபோல்டைத் துளைக்கலாமா?

பலர் துளைக்கிறார்கள். துளையிடும் முனையிலும் மரை போடும் டேப்பிலும் கிரீஸ் தடவி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து, காந்தத்தால் துகளை எடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வார்ப்பிரும்புத் துகள் ஒன்று டர்பைன் இறகில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கழற்ற முடியும் என்றால் கழற்றிவிட்டே செய்யுங்கள். 1/8 அங்குல என்.பி.டி. (அமெரிக்கக் கூம்புக் குழாய் மரை) மரைக்கு 8.6 மில்லிமீட்டர் துளை. பொருத்தும்போது மரையில் அதிக வெப்பம் தாங்கும் ஆன்ட்டி-சீஸ் பசை தடவுங்கள்; இல்லையேல் அடுத்த முறை கழன்று வராது.

கேள்வி: பைரோமீட்டர் வயர் நீளம் போதவில்லை. சாதாரணச் செம்பு வயரை ஒட்டுப்போட்டு நீட்டினேன். அளவு சரியில்லை என்று தோன்றுகிறது.

சரியாக இருக்காது. அந்த சென்சார் கே வகைத் தெர்மோகப்பிள். இரண்டு வெவ்வேறு உலோகக் கலவைகள் சேரும் இடத்துக்கும் மறுமுனைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால் எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தையே மீட்டர் படிக்கிறது. டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். இடையில் செம்பு வந்தால் அளவீடு அந்த ஒட்டுப்போட்ட இடத்திலேயே முடிந்துவிடும். இன்ஜின் அறையின் சூடு கணக்கில் பிழையாக நுழையும். கே வகை நீட்டிப்பு வயரையே வாங்குங்கள். நிறத்தை நம்பி இணைக்க வேண்டாம்: அமெரிக்க முறையில் சிவப்பு எதிர்முனை, மஞ்சள் நேர்முனை, சர்வதேச ஐ.இ.சி. முறையில் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. சந்தேகம் இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் கம்பி எதிர்முனை.

கேள்வி: பூஸ்ட் மீட்டர் 30 பி.எஸ்.ஐ. வாங்கவா, 60 வாங்கவா?

பூஸ்ட் என்பது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம். மாற்றம் செய்யாத பழைய இன்ஜின்கள் பெரும்பாலும் 20-ஐச் சுற்றியே நிற்கும், 30 போதும். மீட்டரின் குழாயை, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு, இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்து எடுங்கள். பைரோமீட்டருக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்தான் இதன் முழுப் பயன். சூடு கூடிப் பூஸ்ட் குறைந்தால் ஹோஸ் கிழிந்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். பூஸ்ட் சரியாக இருந்தும் சூடு கூடினால் இன்ஜெக்டரையும் பம்ப் டைமிங்கையும் பாருங்கள்.

கேள்வி: மெக்கானிக்கல் மீட்டர் துல்லியமானது என்கிறார்கள். எல்லாவற்றையும் அதிலேயே வாங்கிவிடலாமா?

மெக்கானிக்கல் அழுத்த மீட்டரில், அளக்க வேண்டிய பொருளே ஒரு குழாய் வழியாக மீட்டர்வரை வரும். பூஸ்ட்டுக்கு வாங்குங்கள், குழாயில் வருவது காற்றுதான். ஆனால் சூடான ஆயிலையும் டீசலையும் கேபினுக்குள் கொண்டுவராதீர்கள். குழாய் உரசி ஓட்டையானால் அது உங்கள் காலில் கொட்டும். அவற்றுக்கு எலக்ட்ரிக் மீட்டரே நல்லது.

கேள்வி: புதிய ஆயில் மீட்டரில் முள் தலைகீழாக நகர்கிறது. இன்ஜினை அணைத்தால் உச்சிக்குப் போகிறது.

மீட்டரும் சென்சாரும் ஒரே ஜோடியல்ல. அமெரிக்க வகை சென்சார் பூஜ்யத்தில் 240 ஓம், உச்சத்தில் 33 ஓம். வி.டி.ஓ. (ஜெர்மன் மீட்டர் நிறுவனம்) வகை பூஜ்யத்தில் 10, உச்சத்தில் 180. இரண்டையும் கலந்தால் இப்படித்தான் ஆகும். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மரையே எர்த். அதில் டெஃப்ளான் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றாதீர்கள். மரை வகையையும் பாருங்கள்: 1/8 என்.பி.டி.யில் அங்குலத்துக்கு 27 மரை, பிரிட்டிஷ் குழாய் மரையான பி.எஸ்.பி.யில் 28. ஒன்றை மற்றொன்றில் திருகினால் ஓரிரு சுற்று ஏறிவிட்டுப் பிறகு இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

கேள்வி: என் டிரக் 24 வோல்ட். மீட்டர்கள் 12 வோல்ட். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்கலாமா?

வேண்டாம். ஒரு பேட்டரி சார்ஜ் குறைந்தும் மற்றது அளவுக்கு மீறி ஏறியும் இரண்டுமே கெடும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுங்கள்.

கேள்வி: ஹெட்லைட் போட்டதும் எல்லா முட்களும் சற்று நகர்கின்றன.

எர்த் சரியில்லை. எல்லா மீட்டர்களின் எர்த்தையும் ஒரே இடத்தில், பெயின்ட் சுரண்டிய உலோகத்தில், விளக்குகளுக்குத் தொடர்பில்லாத போல்ட்டில் இணையுங்கள். மின்சாரம் இக்னிஷன் சாவியுடன் வருவதாகவும் தனிச் சிறு ஃபியூஸ் உள்ளதாகவும் இருக்கட்டும்.

கேள்வி: தண்ணீர் வெப்பநிலை மீட்டர் 80-க்கு இறங்கியது, ஆனால் இன்ஜின் கொதித்திருந்தது. மீட்டர் பழுதா?

மீட்டரைக் குறை சொல்ல வேண்டாம். தண்ணீர் வெளியேறி, சென்சார் காற்றில் நின்றிருக்கும். தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அது சரியாக அளக்கும். ஓட்டத்தில் முள் காரணமில்லாமல் இறங்கினால், ஏறியதைப் போலவே எண்ணி வண்டியை நிறுத்துங்கள்.

கேள்வி: மீட்டர் காட்டும் அளவு சரியா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

தெர்மோகப்பிள் முனையையும், தண்ணீர் வெப்பநிலை சென்சாரையும் பொருத்துவதற்கு முன் கொதிக்கும் தண்ணீரில் பிடியுங்கள். கடல் மட்டத்தில் 100 டிகிரி. மலைப்பகுதியில் சற்றுக் குறையும். சென்சாரின் உடலுக்குத் தற்காலிகமாக எர்த் கொடுக்க மறக்காதீர்கள். அழுத்த மீட்டருக்கு, அளவு தெரிந்த இன்னொரு மீட்டரை அதே துளையில் பொருத்தி ஒப்பிடுங்கள். பிறகு ஒரு வாரம், வெறும் வண்டியிலும் பாரத்திலும், சமதளத்திலும் ஏற்றத்திலும் ஒவ்வொரு முள்ளும் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள்.