கிட்னி ரிப்போர்ட்டில் இனம் எதற்கு? உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்க லேப் ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் முன்பெல்லாம் கறுப்பர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என இரண்டு வரியாக வரும். இப்போது ஒரே வரிதான். ஏன் டாக்டர்?

கிட்னி வடிகட்டும் வேகத்தை நேரடியாக அளப்பது பெரிய வேலை. அதனால் கிரியாட்டினின் (தசையிலிருந்து ரத்தத்தில் சேர்ந்து, கிட்னி வெளியேற்றும் கழிவு), வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறோம். அந்த விடைதான் ஈஜிஎஃப்ஆர், எண் குறையக் குறையக் கிட்னி மோசம். 1999-இல் வந்த எம்டிஆர்டி சூத்திரமும் 2009-இல் வந்த சிகேடி-எபி சூத்திரமும் நோயாளி கறுப்பரா என்றும் சேர்த்துக் கேட்டன. ஆம் என்றால் 2009 சூத்திரம் விடையை 1.159-ஆல் பெருக்கும், கிட்னி 16 சதவீதம் நன்றாக இருப்பதாகத் தெரியும். கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தசை ஆளுக்கு ஆள் மாறும். அப்பா நைஜீரியர், அம்மா ஜெர்மானியர் என்றால் எந்த வரியைப் படிப்பது?

மருத்துவ மாணவர்கள் உட்படப் பலர் இதைத் தொடர்ந்து கேட்டார்கள். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் நெஃப்ராலஜி சங்கமும் அமைத்த குழு, இனம் கேட்காத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது.

கேள்வி: வெறும் 16 சதவீதத்தில் என்ன வந்துவிடப் போகிறது?

ஆண்டுக்கணக்கில் காலம் போய்விடும். அமெரிக்காவில் டயாலிசிஸ் தொடங்காதவருக்கு, ஈஜிஎஃப்ஆர் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் மாற்றுக் கிட்னிக்கான காத்திருப்புக் காலம் ஓட ஆரம்பிக்கும். இரண்டு ஆண்கள், இருவருக்கும் 50 வயது, இருவருக்கும் கிரியாட்டினின் 3.6 என்று வையுங்கள். 2009 சூத்திரத்தில் வெள்ளையருக்கு 19 வரும். அன்றே வரிசையில் இடம். கறுப்பருக்கு 22 வரும். வீட்டுக்குப் போய், கிட்னி இன்னும் கெட்ட பிறகு வர வேண்டும். புதிய சூத்திரத்தில் இருவருக்கும் 20.

2022 ஜூலையில் மாற்று சிகிச்சைப் பட்டியலுக்குப் பழைய பெருக்கலைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வந்தது. 2023 ஜனவரி முதல் பழைய ரிப்போர்ட்டுகளைத் தோண்டியெடுத்து, கறுப்பின நோயாளிகள் இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சராசரியாக 2 ஆண்டு திரும்பக் கிடைத்தது. வரிசைக்கு வந்து சேராமலே போனவர்களுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேள்வி: நான் தமிழன், 55 வயது. கிரியாட்டினின் 1.4-லேயே இருக்கிறது, ஆனால் ஈஜிஎஃப்ஆர் 56-லிருந்து 59 ஆகிவிட்டது. கிட்னி தேறிவிட்டதா?

இல்லை, லேப் சூத்திரத்தை மாற்றியிருக்கிறது. நம்மவர்களுக்கு அந்தப் பெருக்கல் எப்போதும் இருந்ததில்லை. புதிய கணக்கில் எண் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது கிரியாட்டினினைப் பாருங்கள். யூரினில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்தீர்களா? சர்க்கரை இருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எண் குறைவதால் கறுப்பர்களுக்குப் பாதகமே இல்லையா?

உண்டு. ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்தை நிறுத்துவோம், வேறு சில மருந்துகளின் டோஸைக் குறைப்போம். எண் எல்லையில் நிற்கிறது என்றால், யாராக இருந்தாலும் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையையும் செய்துவிட்டு முடிவெடுங்கள். புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்த குழுவும் இதைப் பரவலாக்கச் சொன்னது.

கேள்வி: ஜிம்முக்குப் போகும் என் தம்பிக்குக் கிரியாட்டினின் 1.5. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். தசை அதிகமாக இருந்தாலும், கிரியேட்டின் பவுடர் சாப்பிட்டாலும், முந்தின வேளை நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலும் அது ஏறும். சிஸ்டாட்டின் சி தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. தம்பிக்கு அதுவே பொருத்தம். தைராய்டு, ஸ்டீராய்டு, சிகரெட் இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், அவை அந்த எண்ணையும் மாற்றும்.