ஒருவரை ‘மாஸ்டர்மைண்ட்’ என்று சொன்னால் அது பாராட்டா, பழியா?

கெட்டிக்காரத்தனமாகத் திட்டம் போடுகிறவரை ஆங்கிலத்தில் மாஸ்டர்மைண்ட் என்று சொல்லலாமா, அது நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம். நல்லதா கெட்டதா என்பது அவர் போட்ட திட்டத்தைப் பொறுத்தது. பதில் இவ்வளவுதான் என்றாலும், இந்த வகைச் சொல் ஒன்றில் நான் ஒரு முறை சூடுபட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் குழுத் தலைவர் வேறு பிரிவுக்கு மாறிப் போனார். ஆளுக்கு ஒரு வரி எழுதி வாழ்த்து அட்டை கொடுத்தோம். எந்த வேலையையும் பத்து நாள் முன்பே யோசித்து ஒழுங்கு பண்ணி வைக்கிற மனிதர் அவர். ஸ்கீம் என்றால் திட்டம், அப்படியென்றால் திட்டம் போடுகிறவர் ஸ்கீமர்தானே என்று நானாகவே முடிவுகட்டி, ‘எ கிரேட் ஸ்கீமர்’ என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். படித்துப் பார்த்தவர், “இத்தனை நாளா இதை மனசுல வெச்சிருந்தீங்களா?” என்றார். நல்லவேளை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். உள்ளடி வேலை செய்கிறவர், சதிகாரர் என்பதுதான் ஸ்கீமருக்குப் பொருள் என்று அப்புறம் அகராதியைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஸ்கீம் சாதுவான சொல். ஓய்வூதியத் திட்டம்கூட ஸ்கீம்தான். அமெரிக்கர்கள் காதில் அந்த ஸ்கீமே கொஞ்சம் தில்லுமுல்லாக ஒலிக்கும். ஸ்கீமர் என்பதோ இரண்டு பக்கமும் வசவு.

மாஸ்டர்மைண்ட் அவ்வளவு மோசமில்லை. தொடக்கத்தில் அதற்கு அபார அறிவு படைத்தவர் என்றுதான் பொருள், திட்டம் தீட்டுகிற பேச்சே கிடையாது. பிபிசி 1972இல் தொடங்கிய வினாடி வினா நிகழ்ச்சிக்கு மாஸ்டர்மைண்ட் என்று பெயர் வைத்தது அந்தப் பழைய பொருளை ஒட்டித்தான். கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்கிறவர் அங்கே எந்தத் திட்டமும் போடுவதில்லை, தெரிந்ததைச் சொல்கிறார். இன்றைய வழக்கு வேறு. சிக்கலான ஒரு காரியத்தை முழுதாக யோசித்து, யார் எதை எப்போது செய்வது என்று பிரித்துக்கொடுத்து நடத்துகிறவர்தான் மாஸ்டர்மைண்ட்.

இதில் ‘பிரித்துக்கொடுத்து’ என்பதைக் கவனியுங்கள். ஒருவரே யோசித்து ஒருவரே செய்து முடிக்கிற காரியத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. யோசனை ஒருவருடையது, கைகள் பலருடையவை என்று இருக்கும்போதுதான் அது உட்காரும். இங்கிலாந்தில் 1963 ஆகஸ்ட் 8 அன்று நடந்த ரயில் கொள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோவிலிருந்து லண்டன் போன தபால் ரயிலை சிக்னலை மாற்றி நிறுத்தி, சுமார் 26 லட்சம் பவுண்டு பணத்தை அள்ளிக்கொண்டு போனது ஒரு பெரிய கும்பல். அதில் உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தவர் ரோனி பிக்ஸ், சிறையிலிருந்து தப்பி பல ஆண்டு வெளிநாட்டில் வாழ்ந்ததால். ஆனால் கொள்ளையில் அவருக்கு இருந்தது சின்னப் பங்கு: ரயிலை நகர்த்த ஓர் ஓட்டுநரைக் கூட்டிவருவது. அந்த ஓட்டுநருக்கும் அந்த என்ஜினை ஓட்டத் தெரியவில்லை! மாஸ்டர்மைண்ட் என்று பத்திரிகைகள் எழுதியது புரூஸ் ரெனால்ட்ஸை. அவரும் தண்டவாளத்தின் பக்கத்தில் நின்றவர்தான். மறைந்திருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, திட்டம் அவருடையதாக இருந்தால் போதும்.

இந்த மாதிரிச் செய்திகளில் புழங்கிப் புழங்கித்தான் சொல்லுக்கு ஒரு குற்றவாடை ஏறியது. அதனால் வெறுமனே ‘ஹி இஸ் எ மாஸ்டர்மைண்ட்’ என்று நிறுத்திவிட்டால், கேட்பவர் எந்த வங்கியை உடைத்தார் என்று யோசிக்கக்கூடும். கூடவே ‘பிஹைண்ட்’ போட்டு எதற்குப் பின்னால் என்று சொல்லிவிடுங்கள். ‘த மாஸ்டர்மைண்ட் பிஹைண்ட் த டீம்ஸ் விக்டரி’ என்றால் பாராட்டு. விக்டரி இருந்த இடத்தில் ஃபிராட் என்று மாற்றினால் ஆள் தலைமறைவாக இருக்க வேண்டியவர். வினைச்சொல்லாகவும் வரும்: ‘ஷி மாஸ்டர்மைண்டட் த கேம்பெயின்’. எழுதும்போது ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும், நடுவில் இடைவெளி விடக்கூடாது.

தமிழில் செய்தியாளர்கள் ‘மூளையாகச் செயல்பட்டவர்’ என்று எழுதுகிறார்கள். இது எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு, கைகள் வேறு என்பது அதிலேயே தெரிகிறது. சூத்திரதாரி என்பதும் பொருந்தும். சூத்திரம் என்றால் நூல், கயிறு. அதைக் கையில் பிடித்திருப்பவர் சூத்திரதாரி. வடமொழி நாடகத்தில் கூத்தை நடத்துகிறவருக்கு அதுதான் பெயர்.

சூழ்ச்சிக்காரர் என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். என் ஸ்கீமர் கதைதான் தமிழில் திரும்ப நடக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்கிறது 671ஆம் குறள். அங்கே சூழ்ச்சி என்றால் ஆலோசனை, கலந்து ஆராய்வது, சதி இல்லை. 445ஆம் குறளில் அரசனுக்குக் கண்ணாக இருந்து யோசனை சொல்கிற பெரியவர்களே ‘சூழ்வார்’. கண்ணியமாக வாழ்ந்த சொல், காலப்போக்கில் வில்லன் பக்கம் போய்விட்டது. திட்டம் போடுகிறவன் மீது ஜனங்களுக்கு எல்லா மொழியிலும் ஒரு சந்தேகம் இருக்கும் போலிருக்கிறது.

சந்தேகத்துக்கே இடமில்லாத சொல் வேண்டுமென்றால் ஸ்ட்ராட்டஜிஸ்ட். கிரேக்க மொழியில் படைத்தலைவனைக் குறிக்கும் ‘ஸ்ட்ராட்டகோஸ்’ என்ற சொல்வழி வந்தது, அந்தக் கம்பீரம் இன்னும் போகவில்லை. தொலைநோக்கோடு பெரிய வியூகம் வகுக்கிறவர் என்று பொருள். டாக்டீஷியன் என்பவர் களத்தில் அந்த நேரத்துக்கு எதை நகர்த்துவது என்று சட்டென்று முடிவெடுப்பவர். சதுரங்கத்தில் மூன்றே நகர்த்தலில் ராணியைப் பறிப்பவர் டாக்டீஷியன். இருபது நகர்த்தலுக்கு அப்புறம் எதிராளிக்கு நல்ல நகர்த்தலே இல்லாமல் செய்கிறவர் ஸ்ட்ராட்டஜிஸ்ட். பிளானர் என்றால் வெறும் திட்டமிடுபவர், கெட்டிக்காரரா என்பது அதில் இல்லை.

பயோடேட்டாவில் உங்களைப் பற்றி நீங்களே எழுதுவதாக இருந்தால் ஸ்ட்ராட்டஜிஸ்ட் போடலாம். மாஸ்டர்மைண்ட் வேண்டாம், அதை அடுத்தவர்தான் சொல்ல வேண்டும். அந்த வாழ்த்து அட்டை இன்னும் அவரிடம் இருப்பதாகக் கேள்வி.